ஆண்டுகளும் அடையாள அட்டையும்

பினாங்குத் தீவின் மலைகளுக்கு அப்பால், தென்மேற்கு மாவட்டத்தில் பாலிக் புலாவ் அமைந்துள்ளது. 'தீவின் பின்புறம்' என்பது அதன் பெயருக்குப் பொருள். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றுக்குப் புகழ்பெற்ற இவ்வூரின் பல குடும்பங்களுக்குக் கடல் கடந்து வந்த முன்னோர் உண்டு. பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்த தமிழர்களுள் பலர், ஒரு நாள் ஊர் திரும்புவோம் என்றே எண்ணியிருந்தனர். ஆனால், ஆண்டுகள் உருண்டோட, பிழைக்க வந்த மண்ணே சொந்த மண்ணாயிற்று. அப்படியானால், ஒரு நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஒருவர் அதன் குடிமகனாகலாம்?

இக்கேள்விக்குச் சட்டம் காலத்திற்கேற்ப வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தப்படி, வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது விதி தளர்ந்தது. அன்று இங்கு வசித்த வெளிநாட்டில் பிறந்தோருக்கு, முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலே போதுமானதாயிற்று. நன்னடத்தையும் அடிப்படை மலாய்மொழி அறிவும் வேண்டப்பட்டன.

தகுதி இருந்தும் பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுத்தறிவின்மை, அலுவலகங்களுக்கு வெகுதொலைவில் இருந்த தோட்டப்புற வாழ்க்கை, குடியுரிமையின் அருமையை உணராமை ஆகியவை அதற்குக் காரணங்களாயின. சிவப்பு அடையாள அட்டையே போதும் என்று அவர்கள் இருந்துவிட்டனர். அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று. அதனால் தோட்டத் தொழிலாளர் பலர் வேலையை இழந்தனர். பல்லாயிரம் பேர் தமிழகத்திற்குத் திரும்பினர். பல்லாண்டு கால உழைப்பு அவர்களைக் காக்கவில்லை.

இன்றைய விதி கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் உள்ளது. விண்ணப்பிப்பவர் 21 வயதை எட்டியிருக்க வேண்டும். விண்ணப்ப நாளுக்கு முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அவற்றுள் கடைசி 12 மாதங்களும் அடங்க வேண்டும். நன்னடத்தை, போதிய மலாய்மொழி அறிவு, நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம் ஆகியவையும் தேவை. இவையனைத்தும் இருந்தாலும் குடியுரிமை வழங்குவது அரசாங்கத்தின் முடிவேயாகும்.

ஆண்டுகளைக் கணக்கிடும் முறையும் கவனத்திற்குரியது. எடுத்துக்காட்டாக, 1 ஜனவரி 2026இல் விண்ணப்பிப்பவருக்கு 2014ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஆறு மாதத்திற்குக் குறைவான வெளிநாட்டுப் பயணம் வசிப்பாகவே கருதப்படும். சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கிய காலமும் சிறையில் கழித்த காலமும் சேர்க்கப்படமாட்டா. தற்காலிக அனுமதிச் சீட்டில் தங்கிய காலமும் பொதுவாகக் கணக்கில் வராது. ஆகவே, வேலை அனுமதியில் 12 ஆண்டுகள் உழைத்தவரும், நிரந்தரவாசியாக 12 ஆண்டுகள் வாழ்ந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்லர்.

ஒருவர் ஒரு மண்ணை நேசிப்பதை எந்தச் சட்டத்தாலும் அளக்க முடியாது. அவர் அங்கு வாழ்ந்த நாள்களை மட்டுமே அளக்க முடியும். அந்த நாள்களுக்குச் சாட்சியாக நிற்பவை ஆவணங்களே. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பேணிக் காப்பதும், உரிய காலத்தில் தேசியப் பதிவுத்துறையை நாடுவதும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். வீட்டில் ஆவணமில்லாத மூத்தவர் இருந்தால், படித்த இளையோர் அவருக்குத் துணைநிற்க வேண்டும். உரிமை உண்டென்று அறிவது முதற்படி. அதனை உரிய காலத்தில் கேட்டுப் பெறுவதே அடுத்த படி.