காவற்கடமையும் ஆட்சிக்கடமையும்

அமெரிக்க நாட்டில் ‘ஷெரிப்’ என்பவர், மாவட்டத்தின் சட்டம் ஒழுங்கைக் காக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அலுவலர். நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றுவதும் அவர்தம் பொறுப்பாகும். நியூயார்க் மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 1871 முதல் 1873 வரை அப்பொறுப்பை வகித்தவர், வழக்கறிஞரான குரோவர் கிளீவ்லாந்து. அக்காலத்தில் இருவருக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்ற வேண்டியிருந்தது. அப்பணியைத் துணை அலுவலரிடம் ஒப்படைக்க வழியிருந்தும், தம் பதவிக்குரிய கொடிய கடமையைப் பிறர்மேல் சுமத்த விரும்பாது தாமே நிறைவேற்றினார். பிற்காலத்தில் அரசியல் எதிரிகள் அவரைத் ‘தூக்கிலிடுபவர்’ என இகழ்ந்தனர்.

1882-இல் அவர் பஃபலோ நகர மேயரானார். குறைந்த விலைப்புள்ளியைப் புறக்கணித்து, மிகுந்த தொகைக்கு வழங்கப்பட்ட தெருத் துப்புரவு ஒப்பந்தத்தைத் தடுத்து நிறுத்தினார். அந்நேர்மையால் பெற்ற நற்பெயர் அவரை 1883-இல் மாநில ஆளுநராகவும் 1885-இல் குடியரசுத் தலைவராகவும் உயர்த்தியது. 1893-இல் மீண்டும் குடியரசுத் தலைவரானார்.

1887-இல் வறட்சியுற்ற டெக்சாஸ் உழவர்க்கு விதை வாங்க 10,000 டாலர் வழங்கும் சட்டமுன்வடிவுக்கு அவர் ஒப்புதல் தர மறுத்தார். அரசமைப்பு அதற்கு இடந்தரவில்லை என்பது அவர் வாதம். 1894-இல் புல்மன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சிகாகோவுக்குப் படையை அனுப்பினார். சட்டத்தை வழுவாது நிறைவேற்றுவது காவலர் கடமை. அச்சட்டம் யார் நலனுக்காக எழுந்தது என எண்ணிப் பார்ப்பதும் ஆள்வோர் கடமையன்றோ?

சிந்தனை வினா: விதை உதவியை மறுத்த கிளீவ்லாந்தின் முடிவு முறையானதா? நும் கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.