எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்

மாலை வேளையில் மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றிருக்கிறீர்களா? ரங்கநாதன் தெருவில் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் பை இடிகளைப் பொறுத்துக்கொண்டு சற்று நேரம் நின்று பாருங்கள். மின்சார ரயில்கள் வந்து போகும் தடங்களுக்குப் பக்கத்தில், தெற்கு நோக்கி நீண்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றுள் ஒன்று எழும்பூரிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக ராமேஸ்வரம் செல்வது. வயதானவர்கள் அதை இன்றும் 'போட் மெயில்' என்றே சொல்வார்கள். போட் என்றால் படகு. ரயிலுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, மாணவ நண்பர்களே. இந்தப் பெயர் தாங்கிய வண்டி முதலில் தூத்துக்குடிக்குப் போயிற்று. அங்கே கப்பல் ஏறினால் கொழும்பு. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. எழும்பூரில் மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடி. கப்பல் துறைக்கு அருகிலேயே ரயில் நின்றுவிடும். சுங்கச் சோதனை முடித்து நீராவிக் கப்பலில் ஏறினால், முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கடலைத் தாண்டித் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். அதில் இன்னொரு இரவு தூங்கி எழுந்தால் கொழும்புக் கோட்டை நிலையம்! இரண்டு இரவு, இரண்டு ரயில், நடுவே ஒரு கப்பல். டிக்கெட் மட்டும் ஒன்றே.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார்: "தூங்குகிறவரை எழுப்புவானேன்? ரயில் பெட்டியையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. வேறிடத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே 1936 முதல் 1980 வரை ஓடிய ஓர் இரவு வண்டியின் படுக்கைப் பெட்டிகள், டோவர் துறையில் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே தள்ளப்பட்டு, தளத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு, டன்கிர்க் துறையில் மீண்டும் தண்டவாளத்தில் இறங்கின. பயணி போர்வையை விலக்காமலே நாடு விட்டு நாடு போய்விடலாம். அங்கே அது முடிந்ததற்குக் காரணம், இரு நாடுகளிலும் தண்டவாள இடைவெளி ஒன்றாக, 1435 மில்லிமீட்டராக இருந்தது. நம் பக்கம் அப்படியில்லை. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை போட்டிருந்தது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மி.மீ. இலங்கையில் இருந்ததோ அகலப் பாதை, 1676 மி.மீ. நம் பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனாலும் அக்கரைத் தண்டவாளத்தில் அதன் சக்கரங்கள் உட்காரமாட்டா. ஒரே அரசின் கீழ் இருந்த இரண்டு நிலங்களுக்கு இரண்டு அளவு! செலவைக் குறைக்க மீட்டர் பாதை என்று இங்கே முடிவு செய்தவர்கள், பிற்காலத்து மூட்டைத் தூக்கிகளின் முதுகை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அளவு மாறினால் தூக்கமும் மாறும். மீட்டர் பாதைப் பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர்; அது நிற்கும் அடித்தளமோ 1 மீட்டர். அகலப் பாதையில் சுமார் 3.2 மீட்டர் அகலப் பெட்டி 1.676 மீட்டர் அடித்தளத்தில் நிற்கிறது. முதலாவதில் பெட்டி அடித்தளத்தைப் போல் 2.7 மடங்கு, இரண்டாவதில் இரண்டு மடங்குக்கும் குறைவு. கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஓடும் பேருந்தில் நின்று பாருங்கள். பிறகு கால்களை அகற்றி நில்லுங்கள். ஈர்ப்பு மையம் அதே உயரத்தில் இருக்கையில், அடித்தளம் அகன்றால் ஆட்டம் குறையும். மேல் பெர்த்தில் படுத்தவருக்கு ஆட்டம் அதிகம் தெரிவதும் ஊசலின் நுனி அதிக தூரம் வீசுவது போலத்தான். 'படுத்தவர்' என்று எளிதாக எழுதிவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பயணிகளில் பெரும்பாலோர் அந்நாட்களில் பலகை இருக்கையில் உட்கார்ந்தபடியே அடுத்தவர் தோளில் தூங்கி வழிந்தவர்கள். அந்த வகுப்பே நம் ரயில்களில் 1974இல்தான் ஒழிந்தது.

தூக்கம் வராதவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. 'கடகட' என்ற தாள ஒலி, சக்கரம் தண்டவாள இணைப்புகளைத் தாண்டும் ஒலி. மீட்டர் பாதையில் ஒரு தண்டவாளம் சுமார் 12 மீட்டர் நீளம். ஆகவே 43 விநாடிகளில் எத்தனை தட்டு கேட்கிறதோ, அத்தனை கிலோமீட்டர் வேகம் ஒரு மணிக்கு! எப்படி என்கிறீர்களா? ஒரு தட்டுக்கு 12 மீட்டர். விநாடிக்கு ஒரு தட்டு என்றால் மணிக்கு 12 × 3600 = 43,200 மீட்டர், அதாவது 43.2 கி.மீ. மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டது வெயிலுக்காக. இரும்பு ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நீளும். 12 மீட்டர் தண்டவாளம் 30 பாகைக்கு 4 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். இன்றைய பாதைகளில் தண்டவாளங்களை நெடுந்தூரம் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தாளம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நீள இடமின்றி அடக்கிவைக்கப்பட்ட விசையைக் கான்கிரீட் கட்டைகளும் சரளைக்கல்லும் தாங்கிக்கொள்கின்றன.

நாடு விட்டு நாடு போகிறவர் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டுமல்லவா? இதற்கு விடை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792இல் அமைந்த வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அது கிழக்குத் தீர்க்கரேகை சுமார் 80¼ பாகையில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 80¼ × 4 = 321 நிமிடம்; அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னதாக நமக்கு நண்பகல். இதுவே 'மெட்ராஸ் நேரம்'. பம்பாயின் உள்ளூர் நேரம் 4 மணி 51 நிமிடம் முன். கல்கத்தா 5 மணி 53 நிமிடம் முன். இரண்டுக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள்: 5 மணி 22 நிமிடம்! ஏறக்குறைய நடுவில் சென்னை நின்றதாலும், தந்தி மூலம் நேரம் அனுப்ப இங்கே ஆய்வு நிலையம் இருந்ததாலும், இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் மெட்ராஸ் நேரப்படியே ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைக்குரிய 5 மணி 30 நிமிடம் இந்தியாவின் பொது நேரமாயிற்று. சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. இலங்கையும் அதே 5½ மணியை ஏற்றது. ஆகவே 1914இல் போட் மெயிலில் போனவர் கடிகாரத்தைத் தொடவேண்டியிருக்கவில்லை. சூரியனைக் கேட்டாலும் பெரிய மாற்றம் சொல்லாது. கொழும்பு ஏறத்தாழ 79.86 பாகை, சென்னைக்கும் அதற்கும் நண்பகல் வித்தியாசம் ஒன்றரை நிமிடம்தான். பின்னால் 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பழையபடி திருப்பி வைத்தது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் போட் மெயிலில் போகக் கப்பலே இல்லை.

இனிப் பாம்பன் பாலத்துக்கு வருவோம். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். கப்பல்கள் கடக்க நடுவே திறக்கும் பகுதி ஒன்று வேண்டியிருந்தது. ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறையில் அதை அமைத்தார்கள். இரு பாதிகள், ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடை. இவற்றைத் திறந்தது எந்திரமல்ல, பணியாளர்களின் கைகள்! கிராமத்தில் ஏற்றக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாயிராது. துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டிவைப்பதேன்? நீர் நிறைந்த சாலின் எடையைக் கல் ஈடுசெய்துவிடும். இறைப்பவர் சிறிது விசை கொடுத்தால் போதும். பாலத்திலும் அப்படியே. தண்டவாளம் தாங்கும் நீண்ட கையின் எடையை, பின்புறத்துக் குறுகிய கையில் வைத்த பெரும் எதிர் எடை சமன் செய்கிறது. எடை × தூரம் இருபுறமும் சமமானால், உராய்வை வெல்லும் விசை மட்டுமே வேண்டும். அந்த உராய்வையும் ஷெர்சர் குறைத்தார். கதவைப் போல் கீலில் சுழலவிடாமல், வட்டத்தின் ஒரு துண்டு போன்ற அடிப்பாகத்தைத் தண்டவாளத்தின் மீது ஆடுநாற்காலி போல் உருளவிட்டார். உருளும் உராய்வு வழுக்கும் உராய்வைவிட மிகச் சிறியது என்று பாடத்தில் படித்தது இங்கே 400 டன்னைத் தூக்குகிறது.

இந்தப் பாலத்தின் தீராத எதிரி உப்பு. உப்புத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலமாக நிற்கும். அது மின்கடத்தி; இரும்பின் மேல் கோடிக்கணக்கான சிறு மின்கலங்கள் அமைந்ததுபோலாகித் துரு பெருகும். பாலத்துக்கு ஓயாமல் வண்ணம் பூச வேண்டியிருந்தது இதனால்தான்.

பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபத்தில் வேறொரு தடுப்பு. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். பிளேக், காலரா போன்ற நோய்க் கிருமிகள் உடலில் புகுந்ததும் அடையாளம் காட்டுவதில்லை. காலராவுக்குச் சில மணி முதல் ஐந்து நாள், பிளேக்குக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். காத்திருப்பின் விஞ்ஞானம் சரிதான். ஆனால் கிருமிக்கு ஏழை பணக்காரர் தெரியாது. முகாமின் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தது ஏழைத் தொழிலாளியே.

1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. இத்தனை பேர் வந்து இறங்கவேண்டிய வாசல் தனுஷ்கோடி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் இரவு அந்த வாசலே போய்விட்டது.

அன்று வீசிய புயலின் காற்று மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாகப் பெருகும் என்பதை நினைவில் வையுங்கள்: வேகம் நான்கு மடங்கானால் அழுத்தம் பதினாறு மடங்கு. ஆயினும் கொன்றது காற்றைவிடக் கடலே. ஆழமான கடலில் காற்றால் தள்ளப்படும் நீர் அடியாகத் திரும்பிப் போய்விடும். பாக் நீரிணையோ பல இடங்களில் சில மீட்டரே ஆழம். திரும்ப வழியின்றி நீர் குவிந்து சுவர்போல் எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்றுகொண்டிருந்த பயணி ரயில் நிலையத்தை எட்டுமுன் அதில் மூழ்கிற்று. உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் விழுந்தன. ஷெர்சரின் தூக்குப் பகுதி நின்றது. கடலுக்குள் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்துப் பொருத்தி, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மீட்டார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்தவர் அவரே. பாலத்தருகே காற்றுவேகமானி வைக்கப்பட்டு, காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகும்படி செய்ததும் புயலுக்குப் பிறகுதான். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் மறுபடி போடவில்லை.

கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படலாயிற்று. 'ராமானுஜம்' என்ற கப்பலில்தான் மலையகத்துக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கின. அதே ரயில், அதே கடல், ஆனால் எதிர்த்திசை. முன்னோர் கூலியாகப் போன வழியில், தாங்கள் பார்த்தேயிராத 'சொந்த ஊருக்கு' வந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு நீலகிரிக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறிப் போனார்கள். ஹட்டனில் ரயில் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு, 1984இல் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதையும் போரில் அழிந்தது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் அதைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. நம் பக்கம் 2007இல் ராமேஸ்வரம் வரை அகலப் பாதையாயிற்று. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72 மீட்டர் நீளப் பகுதி லிப்ட் போல் நேரே 17 மீட்டர் மேலே எழும்புகிறது. தூக்குவது மின்சாரம், துணைக்கு அதே எதிர் எடை. இன்று இரு கரையிலும் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. பெட்டியைக் கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கினால் சக்கரம் உட்காரும். ஏற்றத்தான் அங்கே கப்பல் இல்லை.