மழைக்காட்டுக்குத் தனியாக ஒரு பயணம்



கம்பெனி வேலைக்கும் பேங்க்குக்கும் தனியாகப் பஸ் ஏறுகிறோம். ஊர் பார்க்க மட்டும் துணை தேடுகிறோம். "தனியா எதுக்குப் போற?" என்று வீட்டில் கேட்டால், வழியைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இந்த மாதம் வால்பாறை மழைக்காட்டுக்கு வழி பார்ப்போம்.

கர்நாடகத்தில் ஆகும்பேயும் மழைக்காடுதான். ஆனால் 2023 ஜூனில் அங்கே தொடங்கிய சக்தி இலவசப் பயணம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே. நம்ம ஓசூர் ஆதார் அதற்குச் செல்லாது.

காலையில் பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயிலை ஓசூரில் பிடித்தால் மதியம் கோவை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். அன்றே மலை ஏற அவசரப்படாதீர்கள், இருட்டிவிடும். முன்கூட்டியே போனில் பேசி வைத்த அறையில் பொள்ளாச்சியில் தங்குங்கள். அசல் ஆதார் கையில் இருக்கட்டும். மறுநாள் காலை ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் வாந்திதான்!

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானையோடு வாழ்கிற நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைச் செல்போன் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கிறார்கள். விளக்கு எரிந்தால் திரும்பிவிடுங்கள். சிறுத்தையும் உண்டு; பொழுது சாய்ந்தபின் தேயிலைத் தோட்டத்தில் நடக்காதீர்கள்.

புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டோரமே வரும். தீனி போடக்கூடாது. மழை மாதங்களில் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் போதும்.

இதற்காகக் குழுவில் கடன் வாங்காதீர்கள். தனியாக உண்டியல் போடுங்கள். கிளம்புமுன் ஊக்குநரிடம் தங்குமிடம், திரும்பும் நாள் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 181.