டிராம் போன பிறகும் பாடம் சொல்லும் கட்டடம்



தோட்டத்திலோ வயல் வரப்பிலோ காலியான நத்தை ஓட்டைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த நத்தை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ஓட்டின் அளவையும் சுருளையும் வாயையும் பார்த்து, அதனுள் வாழ்ந்த உயிர் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். உயிருக்கு ஏற்றபடி ஓடு அமைந்தது அல்லவா?

சில கட்டடங்களும் அப்படித்தான். ஓர் இயந்திரத்துக்காகவே கட்டப்பட்ட கட்டடத்தில், இயந்திரம் மறைந்த பின்பும் அதன் அடையாளங்கள் சுவரிலும் கூரையிலும் தரையிலும் தங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை இன்று பார்க்கப் போகிறோம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள ரோசெல் டிராம் பணிமனைதான் அது.

டிராம் வந்ததும் போனதும்

தெருவிலேயே தண்டவாளம் பதித்து, அதன்மேல் ஓடும் வண்டிக்கு டிராம் என்று பெயர். நம் சென்னையிலும் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம்கள் ஓடின. சிட்னியில் 1879இல் நீராவி டிராம்கள் ஓடத் தொடங்கின. ஆனால் அவை கரி தின்றன, தண்ணீர் குடித்தன, தெருவெங்கும் புகை கக்கின. ஆகவே 1898ஆம் ஆண்டிலிருந்து சிட்னியின் பாதைகள் ஒவ்வொன்றாகப் பெரிய அளவில் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டன.

புதிய வண்டிகளுக்குப் புதிய கொட்டகைகள் வேண்டுமே! அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்றுதான் ரோசெல் பணிமனை. 1904இல் இது திறக்கப்பட்டது. பெயர் ரோசெல் என்றாலும், இது இருப்பது ஃபாரஸ்ட் லாட்ஜ் என்ற பகுதியில். சுமார் 200 டிராம்கள் தங்கக்கூடிய இடம் இது. பால்மெயின், பிர்ச்குரோவ், லில்லிஃபீல்டு ஆகிய பகுதிகளுக்குச் செல்லும் வண்டிகள் காலையில் இங்கிருந்து புறப்பட்டு, இரவில் இங்கு வந்து அடங்கின.

1945ஆம் ஆண்டில் மட்டும் சிட்னி டிராம்களில் 40 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்தன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் பேருந்துகளும் கார்களும் பெருகின. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1958 நவம்பரில் ரோசெல் பணிமனையும் மூடப்பட்டது. 1961 பிப்ரவரி 25ஆம் நாளோடு சிட்னியின் பழைய டிராம் போக்குவரத்து முழுவதுமாக நின்றது.

நத்தை போய்விட்டது, ஓடு மட்டும் எஞ்சியது. வாருங்கள், அந்த ஓட்டைப் படிப்போம்.

பாதைகள் ஏன் நேராக இருக்கின்றன?

பணிமனையின் முன்னால் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட செங்கல் முகப்பு. அதில் வரிசையாகப் பெரிய வாயில்கள். தெருவிலிருந்து வந்த தண்டவாளம் முற்றத்தில் விரித்த விசிறி போலப் பல கிளைகளாகப் பிரிந்து, அந்த வாயில்கள் வழியே உள்ளே நுழைந்தது. உள்ளே எல்லாப் பாதைகளும் பக்கத்தில் பக்கமாக, நேர்கோடுகளாகச் சென்றன.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பழைய நீராவி ரயில் எஞ்சின் கொட்டகைகள் பல, வட்டமாகவோ அரைவட்டமாகவோ கட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு சுழல்மேடை இருக்கும். எஞ்சினை அதன்மேல் நிறுத்தித் திசை திருப்புவார்கள். இந்த மின்சார டிராமுக்கோ இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் நிற்கும் இடம் உண்டு. திரும்பிப் போக வேண்டுமானால் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும். ஆகவே சுழல்மேடை தேவையில்லை. வட்டக் கட்டடமும் தேவையில்லை. நேர்ப்பாதைகளை நெருக்கமாக அமைத்துக் குறைந்த இடத்தில் நிறைய வண்டிகளை நிறுத்தலாம்.

புகை இல்லாததும் ஒரு பெரிய வசதி. நீராவி எஞ்சினுக்கு மேல் புகைபோக்கி அமைத்தாக வேண்டும். மின்சார டிராமுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் பல பாதைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முடிந்தது.

கூரைக்கு ஏன் ரம்பப் பற்கள்?

இப்போது அண்ணாந்து பாருங்கள். கூரையைப் பக்கவாட்டில் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போலத் தோன்றும். ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் அடுத்தடுத்து அமைந்த பல கூரைகள். இதை ரம்பப்பல் கூரை என்பார்கள்.

அகலமான கொட்டகையில் ஓர் இடைஞ்சல் உண்டு. சுவரில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் வெளிச்சம் நடுப்பகுதியை எட்டாது. அங்கே நிற்கும் வண்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சுவர் வழியே வராத வெளிச்சத்தைக் கூரை வழியே கொண்டுவர வேண்டும். கூரையைக் கண்ணாடியாலேயே போட்டுவிட்டால் வெயில் நேராக விழும், கண் கூசும், உள்ளே உலை போலக் கொதிக்கும். ஆகவே சரிவான பக்கத்தை மூடிவிட்டு, செங்குத்தான பக்கத்தில் மட்டும் கண்ணாடி பொருத்தினார்கள். அந்தக் கண்ணாடி சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்போது வானத்தின் மென்மையான ஒளி மட்டும் உள்ளே வரும்; வெயில் வராது.

இங்கேதான் ஒரு பூகோளப் பாடம் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே இருக்கும். ஆகவே அங்கே ரம்பப்பல் கூரையின் கண்ணாடி வடக்கு நோக்கி இருக்க வேண்டும். சிட்னியோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 34 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நிற்கும். இங்கிலாந்துக் கட்டட வரைபடத்தை அப்படியே நகல் எடுத்தால், வெயில் நேரே உள்ளே பாயும்! தென்கோளத்தில் இத்தகைய கண்ணாடி தெற்கு நோக்கியே இருக்க வேண்டும். கூரையின் முகத்தைப் பார்த்தே, கட்டடம் எந்தக் கோளத்தில் நிற்கிறது என்று ஊகித்துவிடலாம்!

தூக்குவதா, இறங்குவதா?

இனித் தரையைப் பார்ப்போம். டிராமின் மோட்டார், பல்சக்கரம், பிரேக் எல்லாம் வண்டியின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே இருக்கின்றன. அவற்றைச் சோதிக்க வேண்டுமானால் ஒன்று வண்டியைத் தூக்க வேண்டும். அல்லது மனிதன் கீழே இறங்க வேண்டும். பல டன் எடையுள்ள வண்டியைத் தினமும் தூக்குவது நடக்கிற காரியமா? ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே நீண்ட குழி அமைத்தார்கள். வண்டி மேலே வந்து நிற்கும். தொழிலாளி குழிக்குள் நின்றபடியே தலைக்கு மேலுள்ள பாகங்களைப் பார்ப்பார். தேய்ந்த பிரேக் கட்டையையும், மோட்டாரில் உரசி உரசிக் குறைந்துபோன கார்பன் துண்டுகளையும் மாற்றுவார்.

டிராம் பணிமனைகளில் நடந்த இன்னொரு வேலையைக் கேட்டால் வியப்பீர்கள். மணலைக் காயவைப்பது! எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் சிறிய மோட்டாரும் பெரிய வண்டியை இழுக்க முடிகிறது. ஆனால் மழை பெய்தால் அதுவே ஆபத்து. மேட்டில் சக்கரம் வழுக்கிச் சுழலும். பிரேக் போட்டாலும் வண்டி சறுக்கிக்கொண்டு போகும். அப்போது சக்கரத்தின் முன்னால் சிறிது மணலைத் தூவினால் பிடிப்பு வரும். ஈர மணல் குழாயில் அடைத்துக்கொள்ளும் அல்லவா? எனவே உலர்ந்த மணலைச் சலித்து, வண்டியிலுள்ள பெட்டியில் நிரப்பி அனுப்பினார்கள்.

தலைக்கு மேலே 600 வோல்ட்

தெருவில் டிராமுக்கு மேலே ஓடிய மின்கம்பி, பணிமனையின் உள்ளேயும் ஒவ்வொரு பாதையின் மேலும் தொடர வேண்டும். இல்லையென்றால் வண்டி வாயிலோடு நின்றுவிடும். சிட்னி டிராம்கள் 600 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடின. கூரையோ இரும்புச் சட்டங்களால் ஆனது. கம்பி அதைத் தொட்டால் விபரீதம்தான். ஆகவே மின்சாரம் கடத்தாத பொருள்களை இடையே வைத்துத்தான் கம்பியைத் தொங்கவிட வேண்டும்.

இதன் சுற்றைக் கவனியுங்கள். மின்நிலையத்திலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து வண்டியின் மேலுள்ள நீண்ட கம்பம் வழியே மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து சக்கரம் வழியே தண்டவாளத்துக்கு, தண்டவாளம் வழியே திரும்பவும் மின்நிலையத்துக்கு. ஆக, தண்டவாளம் வண்டிக்குப் பாதை மட்டுமல்ல, மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியும் அதுவேதான். தண்டவாளத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழப் பூமியின் மின்னழுத்தமே. அதனால்தான் தெருவில் மக்கள் அதைத் தயக்கமின்றி மிதித்து நடந்தார்கள்.

உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி

அந்தக் காலத்து டிராம்களின் உடலில் பெரும்பகுதி மரம். நெருக்கமாக நிற்கும் நூற்றுக்கணக்கான மர வண்டிகள்; மேலே மின்சாரம். இரவில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? இந்த அச்சத்தின் அடையாளமாகத்தான், கூரைக்கும் மேலே உயரத்தில் தண்ணீர்த் தொட்டியை நிறுத்தினார்கள்.

தொட்டியிலிருந்து கூரையடியில் ஓடும் குழாய்களில் தெளிப்பான்கள் இருக்கும். இத்தகைய தெளிப்பானின் வாயை, எளிதில் உருகும் உலோகக் கலவை அடைத்துப் பிடித்திருக்கும். சுமார் 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது உருகிவிடும். தீ மூண்டால், அந்த இடத்துக்கு நேர் மேலேயுள்ள தெளிப்பான் தானே திறந்து நீரைப் பொழியும். மனிதர் வர வேண்டியதில்லை; பம்பு ஓட வேண்டியதில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையால் அழுத்தும். தொட்டியை உயரத்தில் வைத்ததன் காரணம் புரிகிறதா?

மூன்று கட்டடங்கள், மூன்று முடிவுகள்

சிட்னி டிராம்களுக்காக எழுந்த மூன்று கட்டடங்களின் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, மின்சாரம் தந்த அல்டிமோ மின்நிலையம். 1899இல் இயங்கத் தொடங்கிய இது 1963இல் நின்றது. 1988இல் அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இரண்டாவது, துறைமுகத்து முனையில் கோட்டை போலக் கொத்தளங்களோடு கட்டப்பட்ட ஃபோர்ட் மெக்குவாரி டிராம் பணிமனை. 1902இல் திறக்கப்பட்ட இது 1958இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 1973இல் திறக்கப்பட்ட கட்டடத்தை நீங்கள் படத்தில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விரிந்த பாய்மரங்கள் போன்ற கூரைகளை உடைய சிட்னி ஆப்பரா ஹவுஸ்தான் அது!

மூன்றாவது, நம் ரோசெல். இது இடிக்கப்படவும் இல்லை, பேணப்படவும் இல்லை. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே நிறுத்தி வைத்திருந்த பழைய டிராம்களின் கண்ணாடிகளை யார் யாரோ நொறுக்கினார்கள். உடலெங்கும் வண்ணம் தெளித்துக் கிறுக்கினார்கள். கடைசியில் கட்டடம் செப்பனிடப்பட்டு, 2016இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட சந்தைக்கூடமாகத் திறக்கப்பட்டது. பழைய டிராம் ஒன்றும் புதுப்பிக்கப்பட்டு உள்ளே நிறுத்தப்பட்டது. அதன் எண் 1995. ஆண்டு என்று எண்ணிவிடாதீர்கள், வண்டியின் எண்தான்!

சிட்னியில் 1997இல் டிராம்கள் புதிய வடிவில் மீண்டும் ஓடத் தொடங்கின. அவற்றின் ஒரு பாதை இந்தப் பழைய பணிமனைக்கு அருகிலேயே செல்கிறது.

பழைய கட்டடம் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா? அது இயலாது. ஃபோர்ட் மெக்குவாரி இருந்த இடத்தில்தானே உலகம் போற்றும் ஆப்பரா ஹவுஸ் எழுந்தது! ஆனால் ஒன்று செய்யலாம். இடிப்பதற்கு முன் படித்துவிடலாம். அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்கலாம். கட்டடம் போனாலும் அது சொன்ன பாடம் போகக்கூடாது.

செய்து பாருங்கள்

மூடியுள்ள காலணி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளமான பக்கம் ஒன்றில், மேற்பகுதியில் 3 செ.மீ. உயரமுள்ள நீண்ட ஜன்னல் வெட்டுங்கள். குறுகிய பக்கத்தில் எட்டிப் பார்க்கச் சிறு துளை போடுங்கள். மார்கழி அல்லது தை மாதத்தில், நண்பகலில், பெட்டியை வெயிலில் வையுங்கள். முதலில் ஜன்னல் தெற்கு நோக்கி இருக்கட்டும். துளை வழியே பாருங்கள். பிறகு வடக்கு நோக்கித் திருப்பிப் பாருங்கள். எப்போது உள்ளே வெயில் பட்டை விழுகிறது? எப்போது சீரான வெளிச்சம் பரவுகிறது? கவனம்: துளை வழியே சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது.

ஆனி, ஆடி மாதங்களில் இதையே செய்தால் முடிவு மாறக்கூடும். அப்போது நம் ஊரில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

உங்கள் ஊரில் பழைய நூற்பாலையோ அரிசி ஆலையோ ரயில் கொட்டகையோ இருக்கிறதா? அடுத்த விடுமுறையில் பெரியவர் ஒருவரோடு சென்று, வெளியே நின்றபடி ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை வரையுங்கள். கூரை ஏன் இப்படி? வாயில் ஏன் இவ்வளவு உயரம்? ஜன்னல் ஏன் அங்கே? ஒவ்வொன்றுக்கும் விடை தேடுங்கள். நீங்கள் வரைந்த அந்தப் பக்கமே, நாளை அந்தக் கட்டடத்தைப் பற்றி எஞ்சி நிற்கும் ஒரே சான்றாக இருந்தாலும் இருக்கலாம்!