காக்கை கத்தினால் நிமிர்ந்து பாருங்கள்

ஆந்தை பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்தக் காட்டுக்குப் போகணும்?" என்பதுதான். சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமே பல வருடங்களாகப் பறவை பார்த்துவரும் நான் சொல்வது இது: உங்கள் தெருவில் பழைய தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதினார். பெருங்காடுகளுக்குக் கொடுத்த அதே கவனத்தை வீட்டைச் சுற்றித் திரிந்த பறவைகளுக்கும் கொடுத்தவர் அவர்.

காதால் தேடுங்கள்

பகலில் ஆந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். கிளை கிளையாகத் துழாவினாலும் கண்ணில் படாது. ஆனால் காக்கை, மைனா, கரிச்சான், அணில் எது கண்டுவிட்டாலும் சும்மா விடாது. கூட்டம் கூடி விடாமல் கத்தும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போது அப்படிச் சத்தம் எழுந்தால், எல்லாம் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகின்றன என்று கவனிப்பேன். சில சமயம் பூனையோ வல்லூறோ இருக்கும். சில சமயம் பொந்து வாசலில் மைனா அளவே உள்ள புள்ளி ஆந்தை. நம்மைக் கண்டதும் மஞ்சள் கண்களால் முறைத்து, தலையை மேலும் கீழும் ஆட்டும். அதன் விழிகள் குழிக்குள் உருளாது. தலையை அசைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. அது தலையாட்டத் தொடங்கிய இடத்திலேயே நான் நின்றுவிடுவேன். அதற்கு மேல் ஓரடிகூட வைக்கக் கூடாது.

தரையையும் பாருங்கள்

ஆந்தை வகைகளில் ஒன்றான கூகை பழைய கட்டடங்களின் மாடங்களிலும் இடுக்குகளிலும் தங்கும். கீழே வெள்ளை எச்சமும் விரல் நீளக் கரிய உருண்டைகளும் கிடந்தால் மேலே ஆள் உண்டு. எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் அது இப்படிக் கக்கிவிடும். கையுறை போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலியின் மண்டை ஓடு, ஆரஞ்சு நிற முன்பற்களோடு வெளிவரும். 'அபசகுனம், துரத்துங்கள்' என்று கூகைக்கு அஞ்சும் குடியிருப்புகளில் இதைத்தான் காட்டுவேன். அப்புறம் பேச்சு எலித்தொல்லை பக்கம் போய்விடும்.

இடமும் நேரமும்

அடையாறு பிரம்மஞான சபையின் மரங்கள் பறவைகளுக்குப் பெரிய புகலிடம். அனுமதி நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். 1977-இல் இடிந்து, இன்று 'உடைந்த பாலம்' எனப்படும் அடையாற்றுப் பாலத்தின் பக்கம் போக, குளிர்காலத்தில் நீர் வற்றும் வேளையே சரி. சேறு வெளிப்பட்டதும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இறங்கும். இருட்டும் நேரத்தில் தலைக்கு மேல் 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கேட்டால் அது ஆந்தை அல்ல, இரை தேடப் புறப்பட்ட வக்கா.

செய்யக் கூடாதவை

ஆந்தைமேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்; எதிரி வந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டை விட்டுவிட்டு வரும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை, வனவிலங்கு வர்த்தகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

பகலில் காக்கைகள் கொத்திக் கூகை தரையில் கிடந்தால், துணி போர்த்தி எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பாலோ சோறோ ஊட்ட வேண்டாம். உடனே வனத்துறைக்கோ, விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸுக்கோ சொல்லுங்கள்.

புள்ளி ஆந்தை மரத்தைக் குடைந்து பொந்து செய்யாது; இருக்கும் பொந்தில் குடியேறும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த நகரின் எத்தனையோ முதுமரங்களைச் சாய்த்துவிட்டதால், மிஞ்சிய ஒவ்வொரு பொந்தும் முக்கியம். உங்கள் தெருவில் கிளை வெட்ட ஆள் வந்தால், பொந்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். அதோடு, ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேருங்கள். 15 நிமிடம் மொட்டை மாடியில் நின்று, கண்டதையும் கேட்டதையும் குறித்து இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். ஒரு தெருவில் பறவைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்பதை, வருடா வருடம் சேரும் அந்தக் குறிப்புகள்தாம் சொல்லும்.