யூரோப் டூர் பிளானா? டிக்கெட்டுக்கு முன்னாடி பேங்க் ஸ்டேட்மென்ட்டை ரெடி பண்ணுங்க



திருப்பூர்ல மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ்னு வேலை பார்க்கிற நம்ம சப்ஸ்கிரைபர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "சார், நாம தைச்சு அனுப்புற டி-ஷர்ட் எல்லாம் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் போகுது. நாங்க ஒரு தடவை போகணும்னா பேங்க்ல எவ்வளவு காட்டணும்?"

கேள்வியே கொஞ்சம் தப்பு. விசா அதிகாரி பார்க்கிறது 'எவ்வளவு இருக்கு'ங்கிறதை மட்டும் இல்லை, 'எப்படி வந்துச்சு'ங்கிறதையும்தான். அதைக் காட்ட ஆறு மாசம் ஆகும். அதனாலதான் இந்தப் பதிவு.

ஷெங்கன் விசா: அடிப்படை விதிகள்

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து உட்பட 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும். எந்த 180 நாள் கணக்குலயும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம்.

- எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். நாட்கள் சமம்னா முதல்ல நுழையுற நாடு.
- பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும். திரும்பி வர்ற தேதிக்கு அப்புறம் குறைஞ்சது 3 மாசம் செல்லணும். 2 பக்கம் காலியா இருக்கணும்.
- பயணக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, தங்குற எல்லா நாளுக்கும், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்லணும்.
- பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். குறைஞ்சது 15 நாள் முன்னாடியாவது கொடுக்கணும். முடிவுக்குப் பொதுவா 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகலாம்.
- பெரியவங்களுக்கு கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). நம்ம காசுல 9,000 ரூபாய்க்கு மேல. சர்வீஸ் சார்ஜ் தனி. விசா கிடைக்கலைன்னாலும் இது திரும்ப வராது.

மறுப்பு வந்தா அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளோட பொது டேட்டாபேஸ்ல 5 வருஷம் வரை இருக்கும். அடுத்த தடவை வேற நாட்டுக்கு விண்ணப்பிச்சாலும் அவங்களால பார்க்க முடியும்.

பாதி பேங்க்ல, பாதி கையில

நம்ம ஊர்ல இது சகஜம். ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சம்பளம் 38,000. பேங்க்ல 20,000 வருது, மீதி 18,000 கவர்ல வருது. கம்பெனி லெட்டர்ல 38,000னு எழுதியிருக்கு. ஸ்டேட்மென்ட்ல 20,000தான் தெரியுது. ரெண்டும் ஒத்துப்போகலை.

இதைச் சரிக்கட்ட என்ன பண்றாங்க? மாமாகிட்ட 4 லட்சம் கைமாத்து வாங்கி, விண்ணப்பத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி அக்கவுண்ட்ல போடுறாங்க. மாசக் கடைசியில 1,500 ரூபாய் மிஞ்சுற அக்கவுண்ட்ல திடீர்னு 4 லட்சம் வந்தா, அது கடன் பணம்னு யாருக்கும் புரியும். உதவி இல்லை, சந்தேகம்தான் வரும்.

சரியான வழி:

1. ஹெச்.ஆர்.கிட்ட பேசி முழு சம்பளத்தையும் பேங்க் வழியா வாங்குங்க. நாளைக்கு ஹோம் லோனுக்கும் இதுதான் உதவும்.
2. டூருக்குன்னு மாசம் 15,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. ஒரு வருஷத்துல 1,80,000. மாசாமாசம் சேர்ந்த பணம்னு ஸ்டேட்மென்ட்டே சொல்லிடும்.
3. அப்பா, அம்மா செலவை ஏத்துக்கிறாங்கன்னா மறைக்காதீங்க. அவங்க கடிதம், ஸ்டேட்மென்ட், ஐ.டி.ஆர். எல்லாம் சேர்த்துக் கொடுங்க.
4. கம்பெனி லெட்டர்ல பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், லீவு அனுமதி, திரும்ப வேலைக்கு வர்ற தேதி இருக்கணும். நீங்க திரும்பி வருவீங்கங்கிறதுக்கு முக்கியமான ஆதாரம் அது.

பையரைப் பார்க்கப் போறவங்க டூரிஸ்ட் விசா போடாதீங்க. பையரோட அழைப்புக் கடிதத்தோட பிசினஸ் விசா போடணும்.

'டேக்ஸே வரலை, எதுக்கு ஐ.டி.ஆர்.?'

ரெண்டு காரணம். ஒண்ணு, பல தூதரகங்கள் கேட்கிற டாக்குமென்ட் லிஸ்ட்ல ஐ.டி.ஆர். இருக்கு. ரெண்டாவது, ஒரு நிதியாண்டுல வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் கட்டாயம். நிறைய பேருக்கு இது தெரியறதே இல்லை.

டூர் ஆபரேட்டர்கிட்ட பேக்கேஜ் வாங்கினா டி.சி.எஸ். பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரை 5 சதவீதம். 2 லட்சம் பேக்கேஜுக்கு 10,000 ரூபாய். ரேட் பட்ஜெட்ல மாறும், அதனால புக் பண்ற வருஷத்து ரேட்டைக் கேட்டுக்குங்க. இது உங்க பான் நம்பர்ல ஏறி 26ஏ.எஸ்.ல தெரியும். வரி இல்லைன்னா ஐ.டி.ஆர். போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். போடலைன்னா அந்தப் பணம் போனதுதான்.

பேரு ஒரே மாதிரி இருக்கா?

நமக்கு இனிஷியல் தொல்லை எப்பவும் உண்டு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, பேங்க்ல 'எஸ்' மட்டும், பான்ல வேற மாதிரி. இப்பவே எல்லாத்தையும் எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. டிக்கெட்ல பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு அப்படியே வரணும்.

கையில காசு எப்படி?

- ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டா எடுத்துட்டுப் போகலாம். சில நூறு யூரோ நோட்டு போதும், மீதி ஃபாரெக்ஸ் கார்டுல.
- சாதாரண கிரெடிட் கார்டுல ஒவ்வொரு ஸ்வைப்புக்கும் 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதுக்கு மேல ஜி.எஸ்.டி.
- கடையில மெஷின் 'ரூபாயா, யூரோவா'ன்னு கேட்டா, யூரோவை அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அவங்க வெச்ச ரேட்டுதான்.
- விசா கைக்கு வர்ற வரைக்கும் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் வாங்காதீங்க. விண்ணப்பத்துக்கு ரிசர்வேஷன் போதும்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

அடுத்த மே மாசம் போகணும்னா, நவம்பர்லயே வேலையை ஆரம்பிங்க. கடைசி ஆறு மாச ஸ்டேட்மென்ட்டை இன்னைக்கே டவுன்லோட் பண்ணுங்க. உங்களை யாருன்னே தெரியாத ஒருத்தர் அதைப் படிச்சா, 'இவருக்கு நிலையான சம்பளம் இருக்கு, சேர்த்து வைக்கிறார், செலவு பண்ண முடியும், திரும்பி வருவார்'னு புரியுமா? புரியலைன்னா, முதல்ல ஆர்.டி. ஆரம்பிங்க. டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.