தாத்தா சைக்கிளுக்கு எந்த ஸ்பேனர்?

கேள்வி: தாத்தாவின் பழைய ராலே சைக்கிளை நானே பிரித்துச் சரிசெய்ய ஆசை. டூல் செட் விலை மலைக்க வைக்கிறது. குறைந்த செலவில் வழி உண்டா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: உண்டு. முழு செட் தேவையே இல்லை. நம் ஊர்ப் பெரிய சைக்கிள்கள் ராலே போன்ற இங்கிலாந்து சைக்கிள்களின் வழிவந்தவை. 1949இல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் அப்படித்தான். ஆகவே பல ஓட்டை ஸ்பேனர், மெல்லிய கோன் ஸ்பேனர், ஸ்போக் கீ எல்லாம் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

ராலே நட்டுகளுக்கு வேண்டிய அங்குல அளவு ஸ்பேனரை மில்கள் நிறைந்த இராஜபாளையத்தின் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பாருங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

கிராங்கை அச்சோடு பூட்டும் கிராங்க் பின்னைக் கழற்ற முந்தின இரவே எண்ணெய் விடுங்கள். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்துங்கள். பின் இறங்க இடமுள்ள இரும்புக் குழாயைக் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுத்தியலால் நேராக ஓங்கி ஒரே அடி. லொட்டு லொட்டென்று தட்டினால் பின்தான் வளையும்.

கிராங்க் அச்சுக் கப்பில் மட்டும் கவனம்: ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் பெரும்பாலும் 24. மாற்றித் திணித்தால் பிரேமின் மரையே போய்விடும். பழைய கப் தேயாமல் இருந்தால் பால்ரஸ் குண்டுகளை மட்டும் மாற்றுங்கள், செலவும் மிச்சம்.